பதில்: 850 சென்டிமார்கன் பொருந்தியவர் சித்தப்பாவா? ‘தியரி’ என்றால் வெறும் ஊகமா?

டிஎன்ஏ பரிசோதனையில் உங்களோடு 850 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருந்திய புதியவர் உங்கள் தாத்தாவின் மகன் என்கிறீர்கள். ‘அது வெறும் தியரி’ என்கிறார் உங்கள் மாமா. மாமா இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். "அவர் தாத்தாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன்" என்று நீங்கள் சொல்வது கருதுகோள்தான், அதாவது இனிமேல் சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம். அதை மாமா சந்தேகிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை எடைபோட உதவும் மரபியல், ஊகம் அல்ல. மெண்டலின் பட்டாணிச் செடிகளில் தொடங்கி, 1913இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் போட்ட முதல் மரபணு வரைபடம் (குரோமோசோமில் மரபணுக்கள் இருக்கும் வரிசையைக் காட்டுவது) வழியாக, நூறாண்டுக்கு மேல் சோதிக்கப்பட்டு நிற்பது. அறிவியலில் அதற்குத்தான் கோட்பாடு என்று பெயர். நம் பேச்சுவழக்குத் ‘தியரி’ வேறு.

இனி அந்த 850. பாட்டிக்குப் பிறக்காத, தாத்தாவின் இன்னொரு மகன், அதாவது உங்களுக்குச் சித்தப்பா முறை, என்றாலும் ஏறக்குறைய இதே எண் வரும். பெரியப்பாவின் பிள்ளை, அத்தையின் பிள்ளை என்றாலும் வரும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. அப்பாவைவிட ஐந்து வயதுதான் இளையவர் என்கிறீர்கள். அது சித்தப்பா பக்கம் சாய்கிறது, அவ்வளவே.

கருதுகோளைத் தோற்கடிக்கப் பாருங்கள். உங்கள் பாட்டியின் தம்பி மகனோ மகளோ பரிசோதனைக்கு ஒப்புவார்களா? அந்தப் புதியவர் பெரியப்பாவின் பிள்ளையாகவோ அத்தையின் பிள்ளையாகவோ இருந்தால் அவர்களோடும் சராசரியாக 430 அளவில் பொருந்துவார். தாத்தா வழி மட்டும் என்றால் பொருத்தமே இருக்கக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம்: தாத்தாவும் பாட்டியும் சொந்தத்துக்குள் கட்டியவர்களா? அத்தை மகள், மாமன் மகன் என்றால் இந்தக் கணக்கு கலங்கிவிடும். அதை முதலில் எழுதுங்கள்.