முடக்குவாத மாத்திரையை நானாகவே நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, வலி திரும்ப வந்துவிட்டது. டாக்டர் ஊசிக்கு மாறச் சொல்கிறார், மாறலாமா?

மாறலாம். நான் மாறி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் மாத்திரையை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா? நான் சொல்லவில்லை. அதனால் என்ன ஆனது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

2016-இல் எனக்கு இந்த நோய் என்று உறுதி செய்தார்கள். வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன், கைதான் எனக்குப் பிழைப்பு. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை 15 மில்லிகிராம், வாரத்தில் ஒரே நாள், ஞாயிறு ராத்திரி. மருந்து நன்றாகத்தான் கேட்டது. ஆனால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல், தாளிக்கிற வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டும். இதை டாக்டரிடம் சொன்னால் வேறு ஏதாவது பெரிய மருந்து கொடுத்துவிடுவார் என்று பயந்து ஐந்து வருடம் வாயே திறக்கவில்லை. 2021 தீபாவளிக்கு முந்தின மாதம் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது, திங்கட்கிழமையை விட முடியாது என்று ஒரு வாரம் மாத்திரையைத் தவிர்த்தேன், அடுத்த வாரமும் தவிர்த்தேன். தீபாவளி முடிந்ததும் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வலியே இல்லை, வயிறும் நன்றாக இருந்தது, நோய் போய்விட்டது என்று நம்பிவிட்டேன். இந்த மருந்து நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உடம்புக்குள் தங்கி வேலை செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பொங்கல் வரைக்கும் ஒன்றும் இல்லை. மாசியில் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை, ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பங்குனியில் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. என் ஜாக்கெட் கொக்கியை மகள் மாட்டிவிட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார் என்று ஒரு பொடி வாங்கிச் சாப்பிட்டேன், ஒரே வாரத்தில் வலி குறைந்தது, ஒரு மாதத்தில் முகம் உப்பிவிட்டது. அப்புறம்தான் ஆனி மாதம் டாக்டரிடம் போனேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அந்த ஒரு "ஆமாம்" என்ன செய்தது தெரியுமா? 15 மில்லிகிராம் ஒழுங்காகச் சாப்பிட்டும் உடம்பின் அழற்சியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது, மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது என்றால் அவர் பார்வையில் மாத்திரை தோற்றுவிட்டது. அதனால் அடுத்த படி, பயாலஜிக் ஊசி, அதாவது நோய் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை மட்டும் அடக்குகிற மருந்து, பெயர் அடாலிமுமாப். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பரிசோதனைகளை எழுதினார்: நெஞ்சு எக்ஸ்ரே, டிபிக்கான ரத்தப் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி, சி. விலையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், பொடி உட்பட. அவர் திட்டவில்லை. "எட்டு மாசமா மாத்திரை உள்ளேயே போகலையேம்மா, அப்புறம் அது கேக்கலைன்னு நான் எப்படிம்மா சொல்றது" என்றார். பொடியில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம், அதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார். பயாலஜிக்கை ஓரமாக வைத்துவிட்டு, அதே மெத்தோட்ரெக்ஸேட்டை ஊசியாக எழுதினார். இப்போதும் அதில்தான் இருக்கிறேன்.

உங்கள் டாக்டர் சொல்வது எந்த ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு. மெத்தோட்ரெக்ஸேட் ஊசி என்றால் அது புது மருந்தே இல்லை, நீங்கள் சாப்பிட்ட அதே மருந்து குடலைத் தொடாமல் தோலுக்கடியில் போகிறது, அவ்வளவுதான். மாத்திரையில் 15 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை, ஊசியில் அந்தத் தடை இல்லை. குமட்டலும் நிறைய பேருக்குக் குறைகிறது, எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு லேசான மந்தம் மட்டும் இருக்கிறது, சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். டாக்டர் சொன்ன நாட்களில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அதைத் தவறவிடுவதே இல்லை.

மருந்துக் கடையில் "இது கேன்சர் மருந்தாச்சே" என்று சொல்லக்கூடும், எனக்கும் சொன்னார்கள். கேன்சருக்குக் கொடுக்கிற அளவு மிகப் பெரியது, நமக்கு வாரத்துக்கு ஒரு சின்ன அளவு. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 1988-இலேயே அனுமதி கொடுத்த மருந்து. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: மாத்திரையோ ஊசியோ, வாரம் ஒரு தடவை என்பது தினமும் என்று மாறிவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் காலண்டரில் சனிக்கிழமையை மட்டும் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். வேறு டாக்டரிடம் சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ போனால் இந்த மருந்து எடுக்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள், செப்ட்ரான் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை இதோடு சேரவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சு வாங்குகிற வறட்டு இருமல் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இந்த மருந்து ஆகாது, அதை ஒளிக்காமல் பேசுங்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையை அவர் சொல்கிற இடைவெளியில் விடாமல் செய்யுங்கள்.

ஊசி வலி எறும்பு கடித்த அளவுதான். சின்னக் குப்பியில் மஞ்சள் திரவம், இன்சுலின் ஊசியில் எடுத்து தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி அல்லது தொடையில், ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்றிப் போட வேண்டும். வீங்கின விரலால் அந்தச் சின்ன சிரிஞ்சைப் பிடிக்க முடியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் என் வீட்டுக்காரர்தான், நர்ஸ் காட்டிக் கொடுத்த மாதிரி, போட்டுவிட்டார். எல்லாம் சேர்த்து வாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிகிறது.

பயாலஜிக் என்றால் கதை வேறு. அடாலிமுமாப் பொதுவாக 14 நாளுக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம், 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் வைத்தால் கெட்டுவிடும். டிபி பரிசோதனையை ஏன் வலியுறுத்துகிறார்கள் என்றால், நம் ஊரில் நிறைய பேருக்கு அந்தக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், அதைக் கட்டிவைத்திருக்கிற காவலையே இந்த மருந்து தளர்த்திவிடும். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவுக்கு பாசிட்டிவ் வந்தது, முதலில் டிபி மாத்திரை ஒரு மாதம் எடுத்துவிட்டுத்தான் ஊசியை ஆரம்பித்தார்கள், இன்றைக்கு மாடிப்படி ஏறுகிறார். தேவைப்பட்டவர்களுக்கு அது பெரிய வரம், அதை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. செலவு கவலையாக இருந்தால் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஊசி போட்ட மறுநாளே விடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு ஆறாவது வாரம்தான் காலை விறைப்பு குறைந்தது, மூன்றாவது மாதம் மெஷினில் உட்கார்ந்தேன். வலது மணிக்கட்டு மட்டும் முழுதாக மடங்குவதில்லை. மருந்து இல்லாமல் இருந்த அந்த எட்டு மாதத்தில் எலும்பு அரித்துவிட்டது, பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினார், அது இனி திரும்பாது. உங்களுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். அடுத்த தடவை போகும்போது, கடைசியாக மாத்திரை போட்ட தேதியையும் நடுவில் சாப்பிட்ட மற்ற மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, கடைசியில் நானும் எழுதித்தான் கொடுத்தேன்.