மலைக் காட்டுக்குப் போகுமுன் காதைப் பழக்குங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நாங்கள் விவசாயக் குடும்பம். சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் வால்பாறை போய் இரண்டு இரவு தங்கப் போகிறோம். நான், என் கணவர், ஐந்தாவது படிக்கும் மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். பையனுக்குப் பறவை என்றால் உயிர். போன வருஷம் வேறொரு மலைக் காட்டில் வேன் சவாரி போனோம். நாலைந்து புள்ளிமானைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பையன் அழுதேவிட்டான். இந்த முறை உருப்படியாக எதையாவது பார்க்க என்ன செய்யலாம்? பைனாகுலர் வாங்க வேண்டுமா?"

நாம் வயல்வெளிக்காரர்கள். வரப்பில் நின்றால் நாலு வயல் தாண்டி மடையான் குத்துக்காலிட்டு நிற்பது தெரிகிறது. மின்கம்பியில் பனங்காடை, வாய்க்கால் ஓரம் மீன்கொத்தி, உழுத சேற்றில் அரிவாள் மூக்கன் என்று எல்லாமே கண்ணுக்கு நேரே இருக்கின்றன. இந்தப் பழக்கத்தோடு மலைக் காட்டுக்குள் போகும்போதுதான் ஏமாந்து போகிறோம். வால்பாறைப் பக்கம் இருப்பது மழைக்காடு. முப்பது அடிக்கு அப்பால் இலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே பறவை முதலில் காதில் விழும், கண்ணில் படுவது அப்புறம்தான். வேனின் இன்ஜின் சத்தத்தில் அந்த முதல் கட்டமே நடக்காமல் போய்விடுகிறது.

ஆகவே நான் முக்கியமாகச் சொல்வது இரண்டுதான். கிளம்பும் முன் ஊரிலேயே காதைப் பழக்குங்கள். போன இடத்தில் சுற்றாமல் ஒரே மரத்தின் எதிரே உட்காருங்கள்.

காதைப் பழக்க மன்னார்குடியை விட்டு வெளியே போகவே வேண்டாம். தை, மாசியில் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரைப் பக்கமோ உங்கள் தெரு அரசமரத்தடியிலோ காலை ஆறரைக்கு நின்றால், "டொங்... டொங்... டொங்..." என்று பாத்திரக்காரர் செம்பு தட்டுவது மாதிரி ஒரு சத்தம் விடாமல் வரும். அதுதான் செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது; பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வரும் திசையில் விரலை நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறந்து இரண்டு விரலும் ஒரே கிளையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஆளுக்கொரு பக்கம் காட்டுவீர்கள். அந்தக் குருவி தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் சத்தம் இடம் மாறுவது போலத் தோன்றும். ஒரு வாரம் விடாமல் செய்தால் விரல்கள் நெருங்கி வரும். அந்தக் கிளையில் பறவையைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். இலை ஆடும், அல்லது பழத்தோல் கீழே விழும்; அங்கேதான் அது இருக்கும்.

இதன் உறவுக்காரரான சின்னக் குக்குறுவான் வால்பாறையில் "குட்ரூ, குட்ரூ" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். இலையோடு இலையாக இருப்பதால், எத்தனை நாள் தங்கினாலும் அதைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் உண்டு. விரல் நீட்டிப் பழகிய பையன் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொன்று, கரிச்சான். நம் ஊரில் மாட்டு முதுகில் சவாரி செய்யும் இரட்டைவால் குருவி. மாடு நடக்கும்போது கிளம்பும் பூச்சிக்காகத்தான் அந்தச் சவாரி. மலையில் துடுப்புவால் கரிச்சான் என்று அதன் இனத்தில் ஒன்று உண்டு. வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள், நுனியில் துடுப்பு. அங்கே மாட்டுக்குப் பதில் அது மற்றப் பறவைகளின் பின்னாலேயே போகிறது. மின்சிட்டு, பசையெடுப்பான், ஈப்பிடிப்பான், மரங்கொத்தி எல்லாம் ஒரே கும்பலாக மரத்துக்கு மரம் இரை தேடிப் போகும். அவை கிளப்பிவிடும் பூச்சியை இது பிடிக்கும். வல்லூறு வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் இதுதான். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசுவதிலும் கெட்டிக்காரன். கணீரென்று பல குரலில் ஒரு பறவை பேசுவது கேட்டால் உடனே நின்றுவிடுங்கள், பேச்சையும் நிறுத்துங்கள். ஐந்து பத்து நிமிஷத்துக்குள் கும்பல் உங்கள் தலைக்கு மேல் கடந்து போகும். அதற்கப்புறம் நெடுநேரம் காடு வெறிச்சோடிக் கிடக்கும். போன வருஷம் உங்களுக்கு வாய்த்தது அந்த வெறிச்சோடிய நேரமாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்தது மரம். ஊர் போய்ச் சேர்ந்ததும் தங்குமிடத்தில் வேலை செய்பவர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும், "இப்போ எந்த ஆல், எந்த அத்தி பழுத்திருக்குங்க?" என்று கேளுங்கள். அவர்களுக்குக் கட்டாயம் தெரியும். அத்தி இன மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நேரம். அதனால் ஒன்று பழுத்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் பழம் தின்னும் உயிரெல்லாம் அங்கே வந்து சேரும். குக்குறுவான்கள், பச்சைப்புறா, மலை மைனா, மலை அணில், அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சியும்கூட. பழுத்த மரம் கிடைக்கவில்லையா, பூத்த மரத்தைத் தேடுங்கள். மாசியில் முள்முருங்கையும் இலவும் இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். தேனுக்காகப் பறவைகள் காலையில் அங்கே முட்டி மோதும், மறைக்க இலையும் இல்லை.

மரத்திலிருந்து ஒரு நூறு அடி தள்ளி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். முழங்கால் வலிக்காரரை மலையில் நடக்கவைத்து வதைக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தே பார்ப்பதில் அவர்தான் உங்கள் மூவரையும்விடப் பொறுமைசாலியாக இருப்பார் என்பது என் எண்ணம். பையனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: எவ்வளவு பெரியது, அலகு எப்படி, என்ன செய்தது என்று எழுதட்டும். கைப்பேசியில் படம் எடுக்கப் போனால் பச்சையில் ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும்.

இருவாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பையன் கட்டாயம் அதைத்தான் கேட்பான். நல்ல கழுகளவுப் பறவை, மஞ்சள் அலகு, அதன் மேல் ஒரு கொண்டை. பறந்து வரும்போது இறக்கையில் காற்று பாயும் சத்தம் வெகு தூரம் கேட்கும். தலைக்கு மேல் 'ஹுஷ், ஹுஷ்' என்று கேட்டால் மேலே பாருங்கள். மாசி அதற்குக் கூடு காலம். பெட்டை ஒரு பெரிய மரப்பொந்துக்குள் போய், வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறலை விட்டுவைக்கும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அவ்வளவு நாளும் ஆண் கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு. கூட்டருகே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் கிட்டே வரத் தயங்கும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். யாராவது "கூட்டைக் காட்டுகிறேன், வாங்க" என்று அழைத்தால் தயவுசெய்து போகாதீர்கள். பழ மரத்தில் பார்ப்பதே நிறைவாக இருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான், கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அதை வரவழைக்கும் வழக்கமும் வேண்டாம் என்கிறேன். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது குஞ்சையும் இரையையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. 'மெர்லின்' என்ற செயலி குரலைக் கேட்டு இது இன்ன பறவை என்று சொல்லும். இலவசம்தான். அதை வீட்டில் கற்றுக்கொள்ளவும், மலையில் கேட்டது எது என்று பார்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் இப்போதே. மலையேறும் முதல் நாள் உறையைப் பிரித்தால் பாதி நேரம் அதோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். 8x42 என்று போட்டது நல்லது. 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இதில் 5 மி.மீ.க்குச் சற்று அதிகம். மரநிழலிலும் விடியற்காலையிலும் தெளிவாகத் தெரியும். சட்டைப் பையில் போகும் 10x25இல் அது 2.5 மி.மீ. மட்டுமே; காட்டுக்குள் இருட்டாக இருக்கும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடும், தெரியும் பரப்பும் சுருங்கும். 20 மடங்கு, 30 மடங்கு, ஜூம் என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் வாங்கினால் பையன் கல்லூரி போகும் வரை உழைக்கும். கடையில் பையனின் கண்ணிலும் வைத்துப் பாருங்கள்: இரண்டு குழலையும் மடக்கி நெருக்கினால் அவனுக்கு ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி குறைவு என்பதால் சில மாடல்களில் இரண்டு வட்டமாகவே நிற்கும். கழுத்து வலிக்கும் என்றால் அவனுக்கு 8x30 போதும்.

வாங்கியதும் ஒரு முறை கண்ணுக்கேற்பத் திருத்தி வையுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி அணிபவர் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். பார்க்கும்போது பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போன இடம் தெரியாது.

இதைப் பழக உங்களுக்கு வாய்த்த இடம் வடுவூர் ஏரி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இந்த ஏரி தஞ்சாவூர்ச் சாலையில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மார்கழி, தையில் ஊசிவால் வாத்து, நாமக்கோழி, நத்தைக்குத்தி நாரை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். ஓடாத பறவையில் பழகிவிட்டால் ஓடுகிற பறவை சுலபம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு வாசலில் 15 நிமிஷம் நின்று எண்ணி 'இ-பேர்டு' தளத்தில் போட்டாலே சேர்ந்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கோடியக்கரைக்கும் போய் வாருங்கள். வண்டிக்குள் அசையாமல் இருந்தால் வெளிமான் தன்பாட்டுக்கு மேயும், கதவைத் திறந்து காலை வைத்தவுடன் ஓடும். காட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பையன் அங்கேயே கண்ணால் பார்த்துக்கொள்வான்.

பொள்ளாச்சியில் ஓர் இரவு தங்கி விடிந்ததும் ஏறுவது நல்லது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாதீர்கள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைகளில் நம் மாநில விலங்கான வரையாடு நிற்கும். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். தின்பண்டம் கொடுத்தால் பாலத்தை விட்டுச் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இதில் விளையாட்டே கூடாது: வால்பாறையில் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் வேலி இல்லை. யானையும் காட்டுமாடும் சிறுத்தையும் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகின்றன. சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மாலை மங்கியபின் பையன் முற்றத்தில்கூடத் தனியாக நிற்க வேண்டாம். நன்றாக விடியும் முன் நடக்காதீர்கள், நடந்தால் உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடங்கள். யானை நடமாட்டத்தைச் சொல்லும் சிவப்பு விளக்குகள் அங்கங்கே உண்டு. எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். தோட்டங்கள் தனியார் நிலம், கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மற்றபடி ஆளுக்கொரு ஸ்வெட்டர், மங்கிய பச்சை அல்லது காக்கி உடுப்பு. மாசியில் அட்டைத் தொல்லை குறைவு. கோடை நெருங்க, காட்டுத்தீ பயத்தால் சில வனப்பகுதிகளைச் சுற்றுலாவுக்கு மூடுவதுண்டு. இ-பாஸ் (இணைய அனுமதிச்சீட்டு) விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. இரண்டையும் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது தொலைக்காட்சி இருக்கிறதா என்று கேட்பதைவிட, தரைத்தளத்தில் வராந்தாவோடு அறை உண்டா, வராந்தாவுக்கு எதிரே என்ன மரம் நிற்கிறது என்று கேளுங்கள்.