மறுமலர்ச்சிக் காலத்தில் ஒரு ஜெர்மன் பிரபுக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருந்தது?

பொதுவாகச் சொல்வதைவிட, நான் பெரிதும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஆர்குலா ஃபோன் கிரும்பாக்.

1492-ல் பவேரியாவில் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதில் அப்பா அவருக்கு ஒரு ஜெர்மன் பைபிள் கொடுத்தார். பெண் குழந்தைக்கு அப்படி ஒரு புத்தகம் கிடைப்பது அந்நாளில் பெரிய விஷயம். ஆனால் பிரான்சிஸ்கன் துறவிகள், படித்தால் வழிதவறிப் போவாள் என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். அவரும் படிக்கவில்லை.

பதின்வயதில் மியூனிக் அரண்மனை; பேரரசர் மாக்சிமிலியனின் தங்கை குனிகுண்டேவுக்குத் தோழி. பெரிய வீட்டுப் பெண்களை இப்படி அனுப்புவதுதான் வழக்கம். நடைமுறை பழகலாம், நல்ல சம்பந்தமும் அமையும். 1509-ல் பிளேக் நோயில் அம்மா, அப்பா இருவரும் சில நாள் இடைவெளியில் போய்விட்டார்கள். அப்புறம் கல்யாணம், நான்கு பிள்ளைகள். கணவர் டீட்ஃபுர்ட்டில் பவேரிய அரசின் அதிகாரி.

இதுவரை அந்த வர்க்கத்துப் பெண்கள் பலருக்கும் நடந்ததுதான். 1523-ல்தான் கதை மாறுகிறது. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் சேஹோஃபர் என்ற 18 வயது இளைஞன், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் கருத்துகளைப் பேசியதற்காகப் பிடிபட்டான். எரித்துவிடுவோம் என்று மிரட்டி, கையில் புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, தன் கருத்துகளையெல்லாம் மறுத்துச் சத்தியம் செய்யவைத்தார்கள். அவன் அழுதுகொண்டே செய்தான்.

அங்கே இருந்த அத்தனை அறிஞர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செப்டம்பர் 20 அன்று ஆர்குலா பல்கலைக்கழகத்துக்கே கடிதம் எழுதினார். வேதத்திலிருந்து வரிக்கு வரி மேற்கோள். அந்தப் பையன் சொன்னதில் எது தவறு, காட்டுங்கள் என்றார். எனக்கு லத்தீன் தெரியாது, ஆனால் உங்களுக்கு ஜெர்மன் தெரியுமே, அதில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே நீங்கள், அதிலேயே வாதிடலாம் என்றார். நான் எழுதியது பெண்பிள்ளை அரட்டை இல்லை, கடவுளின் வார்த்தை என்று முடித்தார். பத்து வயதில் மூடிவைக்கச் சொன்ன புத்தகம்! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கடிதம் அச்சாகி, இரண்டே மாதத்தில் 14 பதிப்பு கண்டது. பல்கலைக்கழகம் பதில் சொல்லவில்லை. பிரசங்க மேடையில் ஒரு பேராசிரியர் அவரைக் கேவலமாகத் திட்டினார். தண்டனை கணவருக்கு விழுந்தது, வேலை போயிற்று. மனைவியை அடக்கத் தெரியாதவர் என்று பெயர். அவரோ லூதர் பக்கம் சாயாதவர். வருமானம் நின்ற வீட்டில், அந்த மனஸ்தாபத்தோடு பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்த அந்த ஆண்டுகள்தான் கடிதத்தைவிடக் கடினமானவை என்று நான் நினைக்கிறேன்.

1530 ஜூனில் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்த லூதரை நேரில் போய்ப் பார்த்தார். அப்போது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கவைப்பது எப்படி என்றும் பேச்சு வந்திருக்கிறது. ஆர்குலா சொன்ன அந்த யோசனையை லூதர் தன் மனைவி கத்தரீனாவுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்.