தனிச் சாலை

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரின் தாமான் ஜூரோங்கில் வளர்ந்தவள். அப்பா ஓர் ஆலையில் வெல்டர். இப்போது கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், இருக்கிறேன். அருகில் தொழிற்சாலை ஊழியர் விடுதி வரப்போகிறதென்று அண்டைவீட்டார் எதிர்ப்பு மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனம் உறுத்துகிறது. 1955இல் ஹோக் லீ பேருந்து நிறுவன ஊழியர்களின் வேலைநிறுத்தத்தில் வெடித்த கலவரம் போன்ற மோதல் இன்று இங்கே இல்லாதது ஏன்?

ம.

அன்புள்ள ம.,

1968ஆம் ஆண்டுத் தொழிற்சட்டங்கள், அரசு-முதலாளி-தொழிற்சங்க முத்தரப்பு உறவு என்று உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் நூல்கள் நூலகத்தில் உள்ளன; படித்துக்கொள்ளுங்கள். என்னை நிறுத்தியது ‘போட்டுவிட்டேன்’ என்ற சொல்.

2008இல் சிராங்கூன் கார்டன்ஸின் பழைய தொழில்நுட்பப் பள்ளியை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்க முற்பட்டபோதும் குடியிருப்பாளர்கள் மனுக் கொடுத்தார்கள். விடுதி வந்தது, ஊழியர்கள் அவர்களுடைய தெருக்கள் வழியே வராமலிருக்கத் தனிச் சாலையும் வந்தது. அந்தச் சாலை இத்தனை ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. ஹோக் லீ ஊழியர்கள் அலெக்சாண்டிரா சாலைப் பணிமனை வாயிலை மறித்து உட்கார்ந்தபோது முதலாளி அவர்கள் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. இன்று துவாஸ் தொழிற்பேட்டைக்கு விடியுமுன் லாரியின் பின்னால் ஏறிச் சென்று இருட்டியபின் திரும்புகிறவரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? பார்க்காத மனிதரைத்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் பார்த்தேன். ஓர் ஆலையில் பண்டகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். ஊழியர்களின் மதியச் சாப்பாடு முந்தைய இரவே சமைக்கப்பட்டு, விடியலில் விடுதி வாசலில் பொட்டலமாகக் கொடுக்கப்படும். ஒருநாள் நண்பகலில் ஒருவர் சாம்பார்ப் பையின் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார்; ஒன்றும் சொல்லாமல் திரும்ப முடிச்சிட்டு ஓரமாக வைத்துவிட்டு, சோற்றில் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குளிரூட்டிய அறையில், மேலாளர்களோடு சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து போகவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆகவே உங்களைக் கடிந்துகொள்ளும்போது என்னையும் சேர்த்தே கடிந்துகொள்கிறேன். வீட்டு விலை குறையும் என்ற பேச்சுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. ஆனால், 1960களில் ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த அடுக்குமாடிகளில் வளர்ந்த பெண், இன்னொரு தொழிலாளி தலைசாய்க்கும் இடத்துக்கு எதிராகப் பேனாவை எடுத்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அம்மா. உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதனால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன். மனுவைக் கொண்டுவந்தவரிடமே போய், உங்கள் பெயரை அடித்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன், அப்பா இருக்கிறாரென்றால், கையெழுத்துப் போட்டதை அவரிடம் சொல்லுங்கள்.