வாழைத் திசு வளர்ப்பு அறைக்கு எந்த எலக்ட்ரானிக் சோக் வாங்கலாம்?

கேள்வி: தேனி மாவட்டத்தில் சிறிய அளவில் ஜி9 ரக வாழைத் திசு வளர்ப்புக் கூடம் வைத்திருக்கிறோம். ரேக்குகளில் 28 வாட் டி5 டியூப் லைட்டுகள் 120 எரிகின்றன. எலக்ட்ரானிக் சோக்குகள் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. போன மாதம் கரண்ட் போய் வந்த ஒரே இரவில் பத்துக்கும் மேல் எரிந்துவிட்டன. நம்பி வாங்கக்கூடிய சோக் எது?

பதில்: முதலில் அந்த ஒரே இரவில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் புது சோக்கும் அதே வழியில்தான் போகும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று எரிந்தால் சோக்கின் தரமோ சூடோ காரணமாக இருக்கும். கூட்டமாக ஒரே நேரத்தில் எரிந்தால் நியூட்ரலைத்தான், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயரைத்தான், சந்தேகப்பட வேண்டும். ரேக்குகளை மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பீர்கள். நியூட்ரல் எங்காவது தளர்ந்தாலோ அறுந்தாலோ, 230 வோல்ட்டுக்கான சோக்குகள் சிலவற்றின் மேல் வோல்ட்டேஜ் 400-ஐ நெருங்கும் அளவுக்கு ஏறிவிடும். லோடு குறைவாக உள்ள பேஸில் இருப்பவை முதலில் போகும். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, மெயினை நிறுத்திவிட்டு, டிபி பெட்டியில் (கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரல் ஒயர்கள் சேரும் லிங்க்கைப் பாருங்கள். திருகுக்குப் பக்கத்தில் ஒயரின் மேலுறை பழுப்பேறி, விறைத்து, தொட்டால் உதிர்கிறதா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் சுவிட்சிலும் நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் மலிவு சோக்குக்கும் பங்கு உண்டு. சோக்கோடு சேர்த்து ஒரு டியூப் சுமார் 31 வாட் எடுக்கும். பேஸுக்கு 40 டியூப் என்றால், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.95 உள்ள சோக்கில் 5.7 ஆம்பியர் ஓடும். 0.55 மட்டுமே உள்ள மலிவுச் சரக்கில் அதே வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர். இத்தோடு முடியவில்லை. அப்படிப்பட்ட சோக்குகள் கரண்ட்டைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பதால், மூன்று பேஸின் கரண்ட்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. பேஸ் ஒயரில் ஓடுவதைவிட நியூட்ரலில் அதிகமாகவே ஓடும். நியூட்ரல் சூடாகித் தளர்வதற்கு இதுவே போதும். ஆகவே லேபிளில் பவர் ஃபேக்டர் 0.95-க்குக் குறைவாக இருந்தாலோ, எண்ணே போடாமல் இருந்தாலோ வாங்க வேண்டாம்.

அடுத்தது சூடு. செத்த சோக் ஒன்றைத் திறந்து பாருங்கள். உருளை வடிவக் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது சூட்டில் வெந்து போனது. இந்தக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நல்ல சோக்கின் மேல் ஒரு சிறு புள்ளியும், பக்கத்தில் 70 அல்லது 75 டிகிரி என்ற எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த இடம் அதற்கு மேல் சூடாகக் கூடாது என்று அர்த்தம். இரண்டு சோக் மட்டும் வாங்கி, ரேக்கில் மாட்டி, சில மணி நேரம் எரியவிட்டு அந்தப் புள்ளியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். எல்லையைவிட 15 டிகிரியாவது குறைவாக இருந்தால் மொத்தமாக வாங்கலாம்.

முடிந்தால் சோக்குகளைத் தட்டுக்கு அடியிலிருந்து எடுத்து அறைக்கு வெளியே ஒரு பலகையில் வரிசையாக மாட்டுங்கள். சோக்குக்கு நேர் மேலே உள்ள பாட்டில்களின் உள்சுவரில் நீர்த்துளி கோத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடியிலிருந்து சூடு ஏறுவதால் வருவது அது. கன்றுக்கு நல்லதல்ல. ஆனால் டியூப்புக்குப் போகும் ஒயர் எத்தனை மீட்டர் வரை நீளலாம் என்று தயாரிப்பாளர் தாளில் இருக்கும்; அதை மீற வேண்டாம்.

டி5 டியூப்புக்கு, அதன் முனையிலுள்ள இழையை முதலில் சூடாக்கி எரியவைக்கும் வகை சோக்தான் வேண்டும். கடையிலேயே போட்டுப் பாருங்கள். சுவிட்ச் போட்டு ஒரு நொடி தாமதித்து எரிந்தால் அந்த வகை. போட்டவுடன் பளிச்சென்று எரிந்தால் வேண்டாம்; கரண்ட் அடிக்கடி போய்வரும் ஊரில் டியூப்பின் முனை சீக்கிரம் கறுத்துவிடும். வோல்ட்டேஜ் வரம்பு 160 முதல் 270 வரையாவது இருக்கட்டும். டியூப் செத்தால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பும் வேண்டும். சோக்குக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 13021 இருக்கிறதா என்று பாருங்கள். வாட் எண் டியூப்போடு அப்படியே பொருந்த வேண்டும். 54 வாட் சோக்கில் 28 வாட் டியூப்பைப் போடவே கூடாது. வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 120-ஐயும் ஒரேயடியாகப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் எல்இடிக்கு மாறுவதே என் யோசனை. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் 2023-இல் எடுத்த முடிவின்படி 2027-க்குள் டியூப் லைட் தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் நிற்கின்றன. இப்போது உங்கள் விளக்குகள் 3.7 கிலோவாட் சூட்டை அறைக்குள் விடுகின்றன. அதை வெளியேற்ற மட்டும் ஒரு டன்னுக்கு மேல் ஏசி உழைக்கிறது. எல்இடியில் அந்தச் செலவும் குறையும். அங்கேயும் சோக்குக்குப் பதிலாக டிரைவர் என்ற பெட்டி உண்டு. பவர் ஃபேக்டர், சூடு, வோல்ட்டேஜ் வரம்பு மூன்றையும் அதற்கும் இதே மாதிரி பாருங்கள். ஒரு ரேக்கில் மட்டும் மாற்றி, ஒரு சுற்றுக் கன்றுகள் எப்படிப் பெருகுகின்றன என்று பார்த்துவிட்டு மற்ற ரேக்குகளுக்குப் போகலாம்.