சின்னத் தொட்டிக்கு முதல் பவளம் எது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் இரண்டடி கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டு க்ளௌன் மீன்கள் நன்றாக இருக்கின்றன. இப்போது பவளம் வைக்க ஆசை. கடையில் ஃப்ளவர்பாட் என்று ஒன்றையும் ஆரஞ்சு நிற கார்னேஷன் பவளம் ஒன்றையும் காட்டி, இரண்டுமே சுலபம் என்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்? மீன்களுக்காக ஒரு அனிமோனும் சேர்த்து வாங்கலாமா?"

இரண்டையும் வாங்காதீர்கள். ஃப்ளவர்பாட் வேண்டாம் என்பதற்குச் சட்டம் காரணம், கார்னேஷன் வேண்டாம் என்பதற்கு அதன் வயிறு காரணம். க்ளௌன் மீன்கள் புகுந்து வாழும் அனிமோன் என்ற கடல் உயிரி பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் தொட்டிக்கு முதலில் ஒரே ஒரு மஷ்ரூம் பவளம் போதும். ஒரு மாதம் அது நன்றாக இருந்தால் ஸோவா. அதற்கும் பிறகு, பொறுமை இருந்தால், ஒரு லெதர்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகச் சொல்கிறேன்? உங்கள் தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி 70 லிட்டர். கல், மணல் போக உண்மையில் இருக்கும் தண்ணீர் 55 லிட்டர்தான். கோடையில் நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போய் வருவதற்குள் இரண்டு லிட்டர் ஆவியாகிவிட்டது என்று வையுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். 35 பிபிடியாக (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பின் அளவு 36.3 ஆகிவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு லிட்டர் போனால் 35.2 தான். சின்னத் தொட்டி வைத்திருப்பவருக்குப் பவளம் வளர்ப்பதை விடத் தண்ணீரை ஆடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் பவளத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். (குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஏன் எல்லாம் சுருங்குகிறது என்று கேட்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.)

சரி, ஃப்ளவர்பாட். அது கல் பவளம், அதாவது உடம்புக்கு அடியில் சுண்ணாம்பு எலும்பு கட்டும் வகை. இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ல் எல்லாக் கல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அப்போது சேர்ந்தன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளது மட்டுமல்ல, அலங்காரத்துக்கு விற்கும் வெள்ளைப் பவள எலும்புக்கும் இது பொருந்தும். தொட்டிக்குள் அடுக்க பீங்கான் கல்லே போதும், அதிலும் பாக்டீரியா நன்றாகக் குடியேறும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அவற்றை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் தேசியப் பூங்கா ஆன பிறகும் கடல் சூடாகி 1998, 2010, 2016 என்று மறுபடி மறுபடி வெளுத்தன. அங்கே மிச்சம் இருப்பதிலிருந்து ஒரு துண்டு கூட நம் வரவேற்பறைக்கு வரக்கூடாது. கல் எலும்பு கட்டாத மென்பவளம் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் கேளுங்கள். "நம்ம மண்டபத்துல எடுத்தது சார்" என்று (ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர்தான் மண்டபம்) பெருமையாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கார்னேஷன் மென்பவளம்தான். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் தொட்டிக்குள் பட்டினி கிடந்து சாகும். பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைத்துக் கொடுப்பதுதான் பவளத்தின் முக்கியச் சாப்பாடு. கார்னேஷனுக்கு அந்தப் பாசி கிடையாது. நாள் முழுக்க மிதவை உயிரிகள் வாய்க்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு தீனியை 55 லிட்டரில் போட்டால் தண்ணீர் கெடும், போடாவிட்டால் சில வாரங்களில் அது சுருங்கி உதிரும். இதைப் புதியவரிடம் சுலபம் என்று விற்பது அநியாயம்.

இப்போது மஷ்ரூமுக்கு வருவோம். டிஸ்கோசோமா என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். நாணயம் அளவில் வாங்கினால் போதும். அதிக வெளிச்சம் வேண்டாம், அதிக நீரோட்டமும் வேண்டாம். மணலுக்குப் பக்கத்தில், வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நேராக அடிக்காத மூலையில் வைத்தால் திருப்தியாக இருக்கும். இதை ஒட்டுவதுதான் பாடு. உடம்பெல்லாம் வழவழப்பு, பசை பிடிக்காது. நான் செய்வது இதுதான்: ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் கல் துண்டுகளைப் போட்டு, மஷ்ரூமை அதன் மேல் வைத்து, நைலான் கொசுவலைத் துண்டால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, ஓட்டம் குறைந்த இடத்தில் வைத்துவிடுவேன். ஒரு வாரம், பத்து நாளில் அதுவே ஒரு கல்லைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கல்லை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்.

பிடித்துக்கொண்டபின் தினமும் பாருங்கள். விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் தட்டு போல விரியும், இரவில் சுருங்கும். வெளிச்சம் அதிகமானால் நிறம் வெளிறி, ஓரம் உள்ளே மடங்கி, பகலிலும் சின்னதாகவே இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் விளக்கை நோக்கிப் புனல் போல நீளும். இடம் பிடிக்காவிட்டால் மெல்ல நகர்ந்தே போய்விடும். நகர்ந்த வழியில் காலின் ஒரு துணுக்கை விட்டுப் போகும், சில வாரம் கழித்து அங்கே துவரம்பருப்பு அளவில் ஒரு குட்டி முளைத்திருக்கும். முதல் முறை அதைப் பார்த்த நாளில் நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

ஸோவா கூட்டமாக வளரும், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. நிறங்களுக்குக் கணக்கே இல்லை. நடுத்தர வெளிச்சம், மிதமான ஓட்டம் போதும். தண்டு நீண்டு எட்டிப் பார்த்தால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். ஸோவாவிலும், குறிப்பாக அதன் உறவான பாலித்தோவாவிலும், பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். 1971-ல் ஹவாய்த் தீவுப் பாலித்தோவாவிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். ஸோவா ஒட்டிய கல்லை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. வீட்டில் சின்னக் குழந்தை தொட்டிக்குள் கைவிடும் என்றால் ஸோவாவைத் தவிர்த்து மஷ்ரூமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெதர் பவளம் காளான் போல நிற்கும், வளர்ந்தால் ஓர் அடி கூடத் தாண்டும். உங்கள் தொட்டிக்கு ஒன்றுதான். புதியவர்கள் இதில் பயப்படும் இடம் ஒன்று உண்டு. திடீரென்று ஒருநாள், தலை முழுக்க நீட்டியிருக்கும் சின்னச் சின்ன மொட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போல் மங்கி, வாரக்கணக்கில் மூடியே இருக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது மேல்தோலை உரிக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் ஓட்டத்தைக் கூட்டுங்கள், தோல் கழன்று போய் முன்னைவிடப் பளிச்சென்று வரும். பக்கத்துப் பவளங்களை அடக்க இது தண்ணீரில் ரசாயனம் விடும் என்பதால், ஃபில்டரில் ஒரு பை கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வாங்கி வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின் எடுத்துக் கோரல் டிப்பில் (ஒட்டிவரும் பூச்சிகளைப் போக்கும் மருந்துக் கரைசல்) முக்கி அலசுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முதல் இரண்டு வாரம் விளக்கைக் குறைத்தே வையுங்கள். வாரம் ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றினால் இந்த மூன்றுக்கும் கால்சியம் மருந்து எதுவும் தேவையில்லை. உப்புக் கலக்கும் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். குடிக்கிற ஆர்ஓ மெஷினில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள், அதனால் கூடவே மிச்சத் தாதுக்களையும் பிடித்துவிடும் டிஐ குடுவை ஒன்றை மாட்டுங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம் வரை இருக்கட்டும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோக மெனக்கெட வேண்டாம், மென்பவளங்களுக்குக் கொஞ்சம் அழுக்கு பிடிக்கும்.

சென்னையில் உங்களுக்கு உண்மையான எதிரி வெயில். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெளுக்கத் தொடங்கும், மன்னார் வளைகுடாவில் நடந்தது போலவே. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி குறைந்தாலே அதிகம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியுமா, அல்லது தொட்டி இருக்கும் அறையில் ஏசி ஓடுமா என்று முதலில் யோசியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மே மாதம் போன பிறகு பவளம் வாங்குங்கள். கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அந்த இருட்டில் சில நூறு ரூபாய் பம்ப் ஒன்றுதான் என் தொட்டியைக் காப்பாற்றியது.

கடைசியாக அனிமோன். இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். அனிமோன் ஓரிடத்தில் நிற்காது. சின்னத் தொட்டியில் நடந்து போய் வேவ்மேக்கரில் சிக்கினால் ஒரே இரவில் தண்ணீர் முழுவதும் கெட்டு மீனும் போய்விடும். க்ளௌன் மீனுக்கு அது இல்லாமல் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வைக்கப்போகும் லெதர் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்த பின், பெண் மீன் அதன் மொட்டுகளுக்குள் புகுந்து படுக்கப் பார்க்கலாம், பல வீடுகளில் அப்படி நடக்கிறது. அதற்கு முன்பே சின்ன லெதரில் போய் உரசினால் அது விரியாமல் நலிந்துவிடும் என்பதால், அதுவரை லெதரை மீன்கள் இரவில் உறங்கும் மூலைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.