பாட்டி வேடத்துக்கு வயசு மட்டும் போதுமா?

கேள்வி: தலை நரைத்த ஒரு பாட்டியை எங்கள் தெருவிலிருந்தே கூட்டிவந்து கேமரா முன் உட்கார வைத்தால் போதாதா? அம்மா, பாட்டி வேடம் போடும் துணை நடிகைகளை எதற்கு இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்?
– விருதுநகர் வாசகர் ஒருவர்

பதில்: போயும் போயும் விருதுநகரிலிருந்தா இந்தக் கேள்வி! அம்மா, பாட்டி வேடங்களில் பேர்வாங்கிய நடிகை எஸ்.என்.லட்சுமி உங்கள் பக்கத்துச் சென்னல்குடிக்காரர். அவரை வைத்தே பேசிவிடலாம்.

முதலில் வயசுக் கணக்கு. ‘சர்வர் சுந்தரம்’ வந்தது 1964-ல். நாகேஷுக்கு அப்போது 31. அவருக்கு அம்மாவாக நடித்த லட்சுமி 1927-ல் பிறந்தவர், அதாவது 37. ஆறு வயசு மூத்தவர், பெற்ற தாயாக நிற்கிறார். படம் பார்க்கும்போது யாருக்காவது உறுத்தியதா? பண்டரிபாயின் கதை இதைவிட வேடிக்கை. 1952-ல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடி, 1954-ல் ‘அந்த நாள்’ படத்தில் மனைவி, 1969-ல் ‘தெய்வமக’னில் ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்கு அம்மா. இருவருமே 1928-ல் பிறந்தவர்கள்! நரைதான் தகுதி என்றால் இவர்களில் ஒருவருக்கும் அந்த வேடம் கிடைத்திருக்காது.

அந்த நரையே சுலபமில்லை. தலை முழுக்க ஒரே வெள்ளையாக அடித்தால் மாவு மில்லிலிருந்து வந்த மாதிரி இருக்கும். வகிட்டிலும் காதோரத்திலும் அழுத்தி, பின்னந்தலையில் கொஞ்சம் கறுப்பை விட வேண்டும். புருவத்தை மறந்துவிட்டால் குளோசப்பில் குட்டு வெளிப்பட்டுவிடும். இதெல்லாம் மேக்கப்காரர் பாடு. நடிப்பவரின் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வயசான வேடம் என்றதும் புதியவர்கள் செய்வது இரண்டு: கூன் போடுவது, குரலை நடுங்க வைப்பது. கூன் போட்டுத் தலையைக் கவிழ்த்தால் விளக்கு வெளிச்சம் உச்சந்தலையில் விழும், முகம் இருட்டு. குரல் நடுங்கினால் வாக்கியத்தின் கடைசி வார்த்தை கேட்காது, பிறகு டப்பிங்கில் உட்கார்ந்து அழ வேண்டும். தெரிந்தவர்கள் முதுகையும் குரலையும் விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்பார்கள். தரையிலிருந்து எழ வேண்டுமா? உள்ளங்கை முதலில் தரைக்குப் போகும், பிறகு ஒரு முட்டி, ஒரு மூச்சு, அதன் பிறகுதான் உடம்பு. யாராவது கூப்பிட்டால் முகம் திரும்புவதற்கு முன் காது திரும்பும். முதுமை தெரிவது அந்த அரை விநாடித் தாமதத்தில்தான்.

இனி லட்சுமி கமல்ஹாசனோடு நடித்த படங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். 1990-ல் ‘மைக்கேல் மதன காமராஜன்’, 1994-ல் ‘மகாநதி’, 2004-ல் ‘விருமாண்டி’. முதலாவதில் ஊர்வசியின் திருட்டுப் பாட்டி, பாலக்காட்டு வாடை வீசும் சமையல்காரர் உலகம். இரண்டாவதில், கும்பகோணத்துப் பக்கமிருந்து சென்னைக்கு வந்து நொடிந்துபோகும் குடும்பத்தில் நாயகனின் மாமியார். மூன்றாவதில் மதுரைப் பக்கத்து அப்பத்தா. மூன்று வீடுகள், மூன்று பேச்சு. ‘விருமாண்டி’யை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது அவருக்குச் சொந்த மண்ணின் பேச்சு, வாயைத் திறந்தாலே வரும். அவரை எடைபோட வேண்டியது திருட்டுப் பாட்டியில்தான். களவாடும் பாத்திரத்தில் முகத்துக்கு ஒரு வேலை, கைக்கு வேறு வேலை. கை எடுக்கும்போது கண்ணும் பொருளைப் பார்த்தால் அது வெறும் திருட்டு. கண் எதிராளியின் முகத்தில் பக்தியோடு நிற்க, கை மட்டும் இடுப்புக்குப் போனால்தான் தியேட்டர் சிரிக்கும். எங்கள் அபிப்பிராயத்தில் அந்தப் படத்தில் நாலு கமல்களுக்கு நடுவே தன் இடத்தை ஓர் அங்குலம்கூட விட்டுத்தராத ஆள் இந்தப் பாட்டிதான்.

சின்னத்திரை இன்னும் கறாரான இடம். 2011-ல் விஜய் டிவியின் ‘சரவணன் மீனாட்சி’யில் பாட்டியாக வந்தபோது லட்சுமிக்கு வயது 84. சீரியலில் வசனத் தாள் பெரும்பாலும் அன்று காலையில்தான் கைக்கு வரும். பிராம்ப்டர் பக்கத்திலிருந்து வரியை எடுத்துக் கொடுப்பார். காது அங்கே இருக்க வேண்டும், கண் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. கூடத்தில் மருமகள் நாலு நிமிஷம் சண்டை போடுவாள், பாட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பார். சும்மா இருந்தால் பொம்மை, அதனால் கையில் வெற்றிலை. கூடம் முழுக்கத் தெரியும் வைட் ஷாட்டில் மருமகள் ‘வீட்டை விட்டுப் போறேன்’ என்கிற இடத்தில் பாட்டி காம்பு கிள்ளினாரா? அரை மணி கழித்து அதே காட்சியைப் பாட்டியின் குளோசப்பில் எடுக்கும்போதும் அதே வார்த்தையில்தான் கிள்ள வேண்டும். ஒரு வார்த்தை முன்பின்னானால் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியாது, பாட்டியின் குளோசப்பே போய்விடும். இன்னொன்று: வெற்றிலையை நிஜமாகவே மென்றுகொண்டு வசனம் பேசக் கூடாது. பிறகு டப்பிங்கில் உதட்டோடு குரல் சேராது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசி, வரி முடிந்ததும் மெல்ல வேண்டும்.

உங்கள் தெருப் பாட்டியைத் தாராளமாகக் கூட்டிவாருங்கள். முதல் டேக்கில் அசத்திவிடுவார், சந்தேகமே இல்லை. இரண்டாவது டேக்கில், முதலில் எந்தக் கையால் முந்தானையைச் செருகினோம் என்பது மறந்திருக்கும். மூன்றாவதில் ‘எத்தனை தடவைப்பா இதையே சொல்ல?’ என்று நேராக லென்ஸைப் பார்த்துக் கேட்பார்.

கடைசியாக, ‘துணை நடிகை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைகளும் இந்தத் தப்பைச் செய்கின்றன, எங்களையும் சேர்த்துத்தான். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்காரும் கூட்டம். ஏஜென்ட் மூலம் வருவார்கள், அன்றன்றைக்குக் கூலி. பெயரும் வசனமும் உள்ள வேடத்துக்குத் தேதி கேட்டு ஒப்பந்தம் செய்யப்படுபவர் குணச்சித்திர நடிகை. அடுத்த கடிதத்தில் அப்படி எழுதுங்கள்.